படாங் ஜாவாவில் ஏறிய மீன்

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டது மீன் வேகுவதற்காகத்தான் என்று மனமார நம்பியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்களுக்குப் பின்வீட்டுக்காரராக வாய்த்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ‘சவல் அண்ணன்’ என்றால்தான் அவரைத் தெரியும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அது கோயில் சாமியாருக்கும் சம்பளம் போடும் கிராணிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். என்ஜினில் ஃபயர்மேன் வேலை. நிலக்கரியை அள்ளி அள்ளி என்ஜின் வயிற்றுக்குள் வீச அகலமான இரும்புச் சவல் ஒன்று ஃபயர்மேன்களிடம் இருக்கும். அந்தச் சவலைக் கழுவி, அதில் மீனை வைத்து, நெருப்பு வாயில் நீட்டிச் சுட்டுத் தின்பது அவர்களுக்குள் பழக்கம். மற்ற ஃபயர்மேன்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எல்லோரையும்போலச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். இவர் சவலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதற்கு ஜப்பான்காரர்கள் காரணம். அவர்கள் வந்த பிறகு நிலக்கரி குறைந்துபோய், என்ஜின்கள் ரப்பர் மர விறகைத் தின்னத் தொடங்கின. விறகைக் கையால் தூக்கித்தான் போட வேண்டும். சவலுக்கு வேலை இல்லை. ஷெட்டின் மூலையில் கைப்பிடி முறிந்து கிடந்த ஒன்றை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

“வேலை போன ஆளை எப்படி லா தெருவுல விடுறது?” என்றார். சவலைத்தான் சொன்னார்.

கொல்லையில் இரண்டு வரிசைச் செங்கல். நடுவில் கரி நெருப்பு. மேலே சவல். அடுப்பு இவ்வளவுதான். ஆனால் அடுப்பு மட்டும் இருந்தால் மீன் வேகாது, ரயிலும் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. பல வருடம் கிள்ளான் பாதையில் சுட்டுப் பழகியவர். எந்த மீன் எந்த ஸ்டேஷனில் வேகும் என்பது அவருக்கு மனப்பாடம். கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் என்றால் கிள்ளானில் ஏற்றி, படாங் ஜாவாவில் புரட்டி, பத்து தீகாவில் இறக்க வேண்டும். திருக்கை என்றால் பெட்டாலிங் வரை போக வேண்டும். நெத்திலிக்கு ஸ்டேஷனே தேவையில்லை, விசில் ஊதும் நேரம் போதும்.

கொல்லையில் ஏது ரயில்? அதை அவர் வாயாலேயே ஓட்டினார். “கூ...” என்று ஊதுவார். “ஜக்கு புக்கு” என்று மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, பாலம் வந்தால் சத்தத்தை மாற்றி, மேடு வந்தால் மூச்சு வாங்கி, “படாங் ஜாவா! படாங் ஜாவா! எறங்குறவங்க எறங்குங்க!” என்று கத்திவிட்டு மீனைப் புரட்டுவார். ஒரு சாயங்காலம் அந்த விசிலைச் சைரன் என்று நினைத்துக் கோடி வீட்டுக்காரர் குடும்பத்தோடு பதுங்குகுழியில் இறங்கிவிட்டார். மீன் வெந்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் அவர்களை மேலே வரச் சொல்ல ஆள் போனது.

கடிகாரம் பார்த்தால் என்ன என்று என் கணவர் ஒரு முறை கேட்டார். அப்போது ஊர்க் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார்கள். விடிவதற்குள் மணி எட்டு அடித்துவிடும்.

“மணி தோக்கியோவுல இருக்கு, கிராணி. மீன் கிள்ளான்ல இருக்கு. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?” என்றார் சவல் அண்ணன்.

என் கணவர் குட்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எந்தக் கேள்விக்கும் பதில் எழுதிப் பழகியவர். இதைக் கேட்டதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தினமும் மீன் தின்று அலுக்கவில்லையா என்று கேட்டால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். “நாங்க வேதக்காரங்க, வெள்ளிக்கெழமை எறைச்சி தொடக்கூடாது. ஜப்பான்காரன் வந்து ஏழு நாளையும் வெள்ளிக்கெழமையா ஆக்கிட்டான். நான் மோட்சத்துக்குப் போறது இனிமே கன்ஃபார்ம் லா.”

இதையெல்லாம் நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். சிரிப்பதற்கு வேறு காரணம் எங்கள் வீட்டில் அப்போது இல்லை.

என் மகள் ரூத், ஜப்பான்காரர்கள் வருவதற்குச் சில மாதங்கள் முன்னால் பிறந்தவள். அவளுக்குப் பல் முளைத்த நேரத்தில் அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, சாயங்காலம் கிழங்கு மாவில் ரொட்டி என்று சொல்லப்பட்ட ஒன்று. மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு அடி வைப்பாள், உட்கார்ந்துவிடுவாள். முகம் மட்டும் கொழுகொழுவென்று இருந்ததால் பார்த்தவர்கள், “நல்லாத்தானே இருக்கா?” என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பிறகு ரயில்வே டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் இடத்தில் அங்கிருந்த டிரஸ்ஸர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

“இது கொழுப்பு இல்லம்மா, வீக்கம். பெரிபெரி ஆரம்பிக்குது. மருந்துன்னு குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. மீன் குடு, கீரை குடு. வேகவச்ச தண்ணியக் கொட்டிடாதே. பிள்ளை சாப்பிட்டாத்தான் கால் பிடிக்கும்” என்றார்.

“சாப்பிடலைன்னா, டிரஸ்ஸர்?”

அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

பிரச்சினை அங்கேதான் இருந்தது. ரூத் மீன் சாப்பிடவில்லை. சரியாகச் சொன்னால், நான் சமைத்த மீனைச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாங்குப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, எதையும் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் எனக்கு முள் பயம். என் சின்னம்மாவின் தொண்டையில் முள் மாட்டி அவர் சோற்றை உருண்டை உருண்டையாக விழுங்கியதைச் சிறு வயதில் பார்த்தவள் நான். இப்போது முள் மாட்டினால் விழுங்கக்கூடச் சோறு இல்லை. ஆகவே முள்ளும் சதையும் ஒன்றாகும் வரை மீனைக் கொதிக்க வைப்பேன், பிறகு துணியில் வடிகட்டுவேன், பிறகு ஒரு சந்தேகத்துக்கு மறுபடியும் கொதிக்க வைப்பேன். அந்த மீனில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது. தனக்கும் அதே கதிதான் என்று ரூத் நினைத்தாள் போலிருக்கிறது. கரண்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள். மூக்கைப் பிடித்து ஊட்டினால் துப்புவாள். துப்பியது என் சேலையில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

என் கணவர் மட்டும் தட்டைக் காலி செய்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பார். தடம் புரண்ட வண்டியைப் பற்றி மேலிடத்துக்கு ‘பெரிய சேதம் இல்லை’ என்று எழுதுவார்களே, அந்தக் குரலில்.

ஒரு சாயங்காலம் ரூத்தைக் கொல்லைப்படியில் உட்காரவைத்துவிட்டுத் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளை படியில் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடும் சாக்கடை ஓரத்தில் தவழ்ந்து போய், மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சவல் அண்ணன் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, உன் பயணி டிக்கெட் இல்லாம ப்ளாட்பாரத்துக்கு வந்துட்டா பாரு” என்றார்.

“மன்னிச்சுக்கங்க அண்ணே.”

“மன்னிப்பு எதுக்கு? ஒரு துண்டு குடுக்கவா?”

நான் சவலைப் பார்த்தேன். அட்டைக்கரியாகக் கறுத்திருந்தது. விளிம்பில் என்னவென்று தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு. “வேணாம் அண்ணே, அவளுக்கு வயிறு ஒரு மாதிரி” என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் என் தோளுக்கு மேலே பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சாப்பாட்டைப் பார்த்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை சாப்பாடு வந்தால்தான் அழுவாள்.

“கரி அள்ளின சவல்ல சமைச்சதப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?” என்று கணவரிடம் கேட்டேன்.

“கூடாதுதான்” என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆனா பானையில சமைச்சத அவ சாப்பிடலையே” என்றார்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். சவல்தானே அழுக்கு? சவலைச் சுத்தம் செய்துவிட்டால் ஆட்சேபணை இல்லை. அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “உங்க சவலைக் கொஞ்சம் கழுவித் தரவா அண்ணே?” என்று கேட்டேன். அவர் சைக்கிளில் ஒரு காலை வைத்திருந்தார். “ஒன் இஷ்டம் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. சாம்பல் போட்டேன், மணல் போட்டேன், தேங்காய் நார் போட்டேன். புளி போட்டு ஊறவைத்தேன். மத்தியானம் பூராவும் தேய்த்தேன். கடைசியில் அது கோயில் காணிக்கைத் தட்டு மாதிரிப் பளபளத்தது. அதில் முகம் தெரிந்தது. வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சாயங்காலம் வந்த சவல் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவதுபோல.

“யாரு இது?”

“உங்க சவல்தான் அண்ணே.”

“என் சவல் கறுப்பு.”

“அழுக்கு அண்ணே. எல்லாம் போயிடுச்சு.”

“அழுக்கா?” அவர் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். “வருஷக்கணக்கா மீன் எண்ணெ குடிச்சு வளர்ந்த ஒடம்பு தங்கச்சி அது. தோல உரிச்சிட்டியே!”

நான் நம்பவில்லை. இரும்புக்கு ஏது தோல்? ஆனால் ரயில் கிளம்பியதும் தெரிந்துவிட்டது. கிள்ளானில் வைத்த மீனைப் படாங் ஜாவாவில் புரட்டப் போனார். மேல்பாதி கரண்டியோடு வந்தது. கீழ்ப்பாதி சவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அவர் சுரண்டினார், தட்டினார், அதட்டினார். “பாதி மீன் எறங்கிடுச்சு, பாதி எறங்கமாட்டேங்குது! கார்டு என்ன செய்வான்?” என்று கத்தினார். மூன்று மீனும் அப்படியே. அன்று அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ரயிலைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, கிழங்கு தின்று படுத்தார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் வாழையில் ஓர் இலை அறுத்து, நெருப்பில் வாட்டி, அவர் எதிரே கொண்டுபோய் நீட்டினேன். “இதுல சுருட்டி வச்சா ஒட்டாது அண்ணே.”

“எலையா? என்ஜின் நெருப்புல காட்டினா எலை ஒரு நிமிஷம் நிக்குமா?”

“இது என்ஜின் இல்லையே அண்ணே, கொல்லைதானே?”

அவர் முகம் வாடிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஒரு கரித்துண்டை நெருப்புக்குள் தள்ளிவிட்டு, “கிட்டத்தட்ட என்ஜின்தான்” என்றார்.

இலை நிற்காது என்று அவரும், நிற்கும் என்று நானும் சொல்லி, கடைசியில் பார்த்துவிடலாம் என்று ஆனது. நான்தான் கட்டினேன். மீனைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொஞ்சம் புளிக்கரைசல் தெளித்து, நசுக்கின சின்ன வெங்காயம் வைத்தேன். டிரஸ்ஸர் சொன்ன கீரைக்கு என்ன செய்வது என்று யோசித்து, வேலியில் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளி இலையைப் பறித்து மீனுக்கு அடியில் பரப்பினேன். மடித்து ஈர்க்குச்சி குத்தினேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. எண்ணெய் இருந்தால்தானே ஊற்றுவதற்கு! தண்ணீர் கொட்டிவிடுமோ என்ற கவலையும் இல்லை, எல்லாம் இலைக்குள்ளேயே இருந்தது.

அன்று இலை கருகி, உள்ளே மீன் பூவாக வந்தது என்று எழுத ஆசைதான். இலையோடு மீனும் கருகியது. காரணம் படாங் ஜாவா.

விறகு வண்டிகள் அந்நாளில் வழியில் நின்று விறகு ஏற்ற வேண்டியிருந்தது. அவர் ஓடிய வண்டிக்கு அன்றிலிருந்துதான் அதைப் படாங் ஜாவாவில் வைத்திருந்தார்கள். அடுக்கி வைத்த கட்டைகளைத் தூக்கி ஏற்றி முடிக்க வெகு நேரம் ஆகும். சவல் அண்ணன் நேர்மையான மனிதர். நிஜ வண்டி நின்றால் வாய் வண்டியும் நின்றாக வேண்டும். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிப் போடும் சத்தத்தை வாயால் போட்டார். நடுவில் ஸ்டேஷன் மாஸ்டரோடு சண்டை வேறு. “ஈர வெறகக் குடுத்தா எப்படி சார் ஸ்டீம் ஏறும்?” என்று மாமரத்தைப் பார்த்துக் கேட்டார். மாமரம் என்ன சொன்னதோ, அவருக்குக் கோபம் அதிகமாகி இன்னும் நாலு வார்த்தை பேசினார். மீன் அடியில் புகைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கருகுது!”

“வண்டி கெளம்பல தங்கச்சி.”

“இன்னைக்கு ஒரு நாள் படாங் ஜாவாவுல நிக்காமப் போனா என்ன?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “நிக்காமப் போனா? அங்க ஏற வேண்டிய சனங்க என்ன செய்வாங்க?”

அதற்கு மேல் வாதாட முடியாது. நான் ரூத்தைப் பார்த்தேன். சாக்கடைக்கு அந்தப் பக்கம் எங்கள் படியில் உட்கார்ந்து, புகை வரும் திசையில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக நான் வைத்த எதையும் அவள் தொடவில்லை. வேறு வழி தெரியாமல்தான் அதைக் கேட்டேன்.

“அண்ணே, மீன் ஏன் கிள்ளான்ல ஏறணும்? படாங் ஜாவாவுல ஏறட்டுமே? வெறகு ஏத்தி முடிஞ்சதும்.”

“மீன் கிள்ளான்ல வாங்கினதாச்சே. அது எப்படிப் படாங் ஜாவாவுக்கு வந்துச்சு?”

“லோரியில வந்துச்சுன்னு வச்சுக்கங்க.”

“லோரிக்குப் பெட்ரோல் ஏது?”

அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “மாட்டு வண்டியில வந்துச்சு அண்ணே!”

அவர் தாடையைச் சொறிந்தார். வானத்தைப் பார்த்தார். கிள்ளானிலிருந்து படாங் ஜாவாவுக்கு மாட்டு வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும், வெயிலில் மீன் தாங்குமா என்றெல்லாம் மனத்துக்குள் சரிபார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

“காலையில வெள்ளன கெளம்பினா வந்துரும்” என்றார். “சரி, ஏறட்டும்.”

மறுநாள் அப்படியே நடந்தது. வண்டி வெறும் சவலோடு கிள்ளானில் கிளம்பியது. படாங் ஜாவாவில் விறகு ஏறி, சண்டை முடிந்து, பச்சை விளக்கு விழுந்ததும் நான் இலைப்பொட்டலங்கள் இரண்டை வைத்தேன். பத்து தீகாவில் அவர் புரட்டினார். பெட்டாலிங்கில் இறக்கினார். ரூத்தைத் தூக்கிவந்து பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கு ஓர் இலையைப் பிரித்தோம். ஆவியோடு ஒரு வாசனை எழும்பி, என் கணவரை ஆபீஸ் உடுப்போடு கொல்லைக்கே வரவைத்துவிட்டது. சதை இதழ் இதழாகப் பிரிந்தது. நடுமுள் ஒரே இழுவையில் முழுசாக வந்தது. கீரை அடியில் மீன் சாற்றில் ஊறிக் கிடந்தது.

இனி என் வேலை. தட்டை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இழையாகப் பிரித்து முள் தேடினேன். தேடியதையே மறுபடி தேடினேன்.

“தங்கச்சி, நீ கேக்கிற கேள்விக்கெல்லாம் மீன் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறிடும் லா” என்றார் சவல் அண்ணன்.

“சின்ன முள்ளு இருக்கும் அண்ணே. கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாதத எப்படித் தேடுற?”

நான் அவருக்குப் பதில் சொல்லத் திரும்பிய நேரத்தில் ரூத் அவர் பக்கமிருந்த இலைக்குள் கையை விட்டாள். நான் தேடாத மீன் அது. ஒரு பிடி அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

நான் கத்தினேன். அவள் வாய்க்குள் விரலை விடப் போனேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். மென்றாள். நின்றாள். கண்ணை ஒரு பக்கமாக உருட்டி, நாக்கால் எதையோ துழாவினாள். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, மயிரிழை மாதிரி ஒரு முள்ளை எடுத்துச் சவல் அண்ணனிடம் நீட்டினாள். ஏன் அவரிடம் நீட்டினாள் என்று தெரியவில்லை. அவர் உள்ளங்கையை விரித்து அதை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“டிக்கெட் சரியா இருக்கு. பயணியம்மா போகலாம்” என்றார்.

ரூத் அடுத்த பிடிக்குக் கை நீட்டினாள்.

அந்த மீனை அவளே முடித்தாள். கீரையையும் தின்றாள். நான் பிரித்து ஆராய்ந்து வைத்த மீனை என் கணவர் சாப்பிட்டார். “நல்லா இருக்கு” என்றார். அந்தத் ‘தான்’ இல்லாமல் அவர் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு மீன் கிடைத்த நாளெல்லாம் இதுதான் எங்கள் இராச்சாப்பாடு. கெம்போங் கிடைக்காவிட்டால் செலார், அதுவும் இல்லாவிட்டால் பேர் தெரியாத பொடி மீன். அண்ணன் கிள்ளான் பாசாரில் வாங்கி வருவார். நான் கட்டுவேன். அவர் ஓட்டுவார். அடுப்பு மூட்டியதிலிருந்து கை கழுவும் வரை விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடச் செலவாகாது. இருட்டுவதற்குள் முடிந்துவிடும். சவலுக்கு இலைப் புகையில் மறுபடி கறுப்பேறத் தொடங்கியது. “தோல் வருது, தோல் வருது” என்று அவர் அதைத் தடவிப் பார்ப்பார். நான் அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன்.

நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தினமும் குளிக்க வைக்கும்போது அவள் காலை அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் கொஞ்சம் சீக்கிரம் மறைகிற மாதிரி இருக்கும். நான்தான் மெதுவாக அழுத்தினேனோ என்று சந்தேகம் வரும். மறுபடி அழுத்துவேன். ரூத் என்னைத் தள்ளிவிடுவாள். அவள் தள்ளுவதில் பலம் கூடியிருக்கிறதா என்று அடுத்த சந்தேகம்.

இப்படி இருக்கும்போது சவல் அண்ணனை ஈப்போ பக்கம் மாற்றிவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அந்நாளில் வடக்கே போகிறவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜப்பான்காரன் தண்டவாளம் போடப் பிடித்துப்போன ஆட்கள் திரும்பி வராத சயாம் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே எல்லோருக்கும் பயம். அவர் கிளம்பும்போது சவலை எங்கள் வீட்டுப் படியில் சாய்த்து வைத்தார்.

“தேய்க்காதே தங்கச்சி.”

“தொடமாட்டேன் அண்ணே.”

“தொடு. தேய்க்காதே.”

என் கணவர் சைக்கிளில் போய் எப்படியோ மீன் வாங்கி வந்தார். நான் இலையில் கட்டினேன், நெருப்பு மூட்டினேன், சவலை வைத்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். அது தோக்கியோவைக் காட்டியது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன், வேகவில்லை. மூடினேன். முள் பயம் போய் இப்போது பச்சை மீன் பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று விட்டேன். கருகியது. ரூத் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சவலின் மேலேயே திருப்பி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “கூ...” என்றாள்.

மறுநாள் கொல்லையில் யாரும் இல்லையா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேன். நான் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள், கிராணி பெண்சாதி, நாலு பேர் மதிப்பு வைத்திருக்கிறார்கள். மிக மெதுவாக, “ஜக்கு புக்கு” என்றேன். மீன் நம்பவில்லை. பாதி வெந்திருந்தது. அதற்கடுத்த நாள் கொஞ்சம் சத்தமாக ஓட்டினேன். படாங் ஜாவாவில் நின்றேன். விறகு ஏற்றினேன். ஸ்டேஷன் மாஸ்டரோடு சண்டை போட எனக்கு வராது, “கொஞ்சம் காய்ஞ்ச வெறகா குடுங்க சார்” என்று மாமரத்திடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். ஜன்னலில் ஏதோ ஆடியது. என் கணவர் திரைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை, ஓட்டிக்கொண்டே போனேன். அன்று மீன் சரியாக வந்தது.

வாரங்கள் போயின. டிஸ்பென்சரியில் அந்த டிரஸ்ஸர் ரூத்தின் காலை அழுத்தினார். விரலை எடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். பள்ளம் இல்லை.

“என்ன குடுத்தே?” என்றார்.

“மீன்தான், டிரஸ்ஸர்.”

“எப்படிச் சமைச்சே?”

எங்கேயிருந்து ஆரம்பிப்பது? “இலையில வச்சுச் சுட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பின்னால் நின்ற இன்னொரு தாயிடம் அதையே சொன்னார். அந்தப் பெண் எந்த ஸ்டேஷனில் ஏற்றினாளோ தெரியாது.

ஆனாலும் ரூத் ஓடவில்லை. நடந்தாள், நன்றாகவே நடந்தாள், ஆனால் ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். சுவர், வேலி, என் சேலை. பலம் காலில் வந்துவிட்டது, மனத்தில் வரவில்லை என்றார் கணவர். பிள்ளைக்கு அந்தப் பயம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மீன் இறக்கி இலை பிரித்துக்கொண்டிருந்தோம். பின்வீட்டு வேலிக்கதவு சத்தம் கேட்டது. சவல் அண்ணன் சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தார். ஷெட்டிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், முகம் பூராவும் கரி. பாதி ஆளாக இளைத்திருந்தார். எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. என் கணவர் எழுந்து நின்றார்.

ரூத்துக்குத் தெரிந்திருந்தது. கையில் இருந்த மீன் துண்டோடு எழுந்தாள். வேலியைப் பிடிக்கவில்லை. என் சேலையைப் பிடிக்கவில்லை. சாக்கடைப் பலகைமேல் தடதடவென்று ஓடினாள். விழுந்துவிடுவாள் என்று நான் கத்தியது அவள் அந்தக் கரை சேர்ந்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது. போய் அவர் முழங்காலில் மோதி நின்று, மீனைத் தூக்கிக் காட்டினாள்.

வாய் ஓயாத அந்த மனிதர் குனிந்து அவள் ஊட்டியதை வாங்கிக்கொண்டார். அவள் காலைப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது கரி முகத்தில் இரண்டு கண்ணுக்கும் கீழே வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது.

அது அவருக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காதவர்போல எங்களோடு உட்கார்ந்து மீன் சாப்பிட்டார், ஈப்போ என்ஜின்களைத் திட்டினார், ரூத்தை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. கழுவச் சொல்லித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.